எதிர் இருக்கை

மேடையில் அரண்மனை அமைப்பது கடினம். கடலை அமைப்பது அதனினும் கடினம். ஓடும் ரயிலை அமைப்பதற்கோ இரண்டு பெஞ்சுகள் போதும். அவற்றை எதிரெதிரே போட்டு, நாலு பேரை அமர்த்தி, அனைவரும் ஒரே தாளத்தில் சற்றே அசைந்தாடினால் வண்டி புறப்பட்டுவிடும். இதை நான் எந்த நாடக நூலிலும் படிக்கவில்லை. எங்கள் பங்கின் திருவிழா மேடையில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் தேர்ப்பவனி முடிந்த இரவில் விடிய விடிய வாசாப்பு நடப்பது வழக்கம். அரசர், மந்திரி, வேதசாட்சி, கட்டியக்காரன் என்று கிரீடமும் சரிகையுமாக மேடை நிறைந்திருக்கும். ஓராண்டு, புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை, இளைஞர்கள் சமூக நாடகம் ஒன்று போடட்டுமே என்றார். பயணச்சீட்டு இல்லாமல் ஏறிவிட்ட ஒரு கிழவிக்காக அந்தப் பெட்டியில் இருப்பவர்களில் யார் பணம் கொடுப்பது என்பதுதான் கதை. கோவில் பெஞ்சுகள் இரண்டைத் தூக்கி வந்தோம். முழந்தாள்படியிடும் பலகை அவற்றோடு இணைந்தே இருந்ததால், நடிகர்கள் எழும்போதெல்லாம் இடறினார்கள். ஓடும் வண்டியில் தடுமாறுவதுபோல அதுவும் பொருத்தமாகவே அமைந்தது. தலைமையாசிரியரின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கி அணிந்து நான் பரிசோதகரானேன். திரைக்குப் பின்னால் இரு சிறுவர்கள் தகரத்தைத் தட்டி, கூழாங்கல் போட்ட டப்பாவைக் குலுக்கி, வண்டியை ஓட்டினார்கள். கிழவியை அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவேன் என்று நான் உரத்த குரலில் மிரட்டியபோது, முன்வரிசையில் மணலில் அமர்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையை மேடை விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் அமர்ந்துகொண்டார். நாடகம் அங்கேயே முடிந்துபோயிற்று. அதற்கு மேல் பேச எங்களிடம் வசனம் இல்லை.

தகரத்தாலும் டப்பாவாலும் ரயில் ஓட்டியவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். இங்கிலாந்தில் ஆர்னால்டு ரிட்லி என்னும் நடிகர் 1923-இல் ‘பேய் ரயில்’ என்று ஒரு நாடகம் எழுதினார். முதல் உலகப்போரில் படுகாயமுற்றுத் திரும்பியவர் அவர். பிரிஸ்டல் நகருக்கு அருகில் உள்ள ஒரு சந்திப்பில் வண்டியைத் தவறவிட்டு நெடுநேரம் தனியே காத்திருந்தபோது, எங்கோ கண்ணுக்குத் தெரியாத தடத்தில் கடந்து சென்ற வண்டியின் ஓசை அந்நாடகத்திற்கு வித்தாயிற்று. 1925-இல் லண்டனில் மேடையேறி 600 முறைகளுக்கு மேல் நடிக்கப்பட்டது. அந்த நாடகத்தில் ரயிலைப் பார்வையாளர் பார்ப்பதே இல்லை. ஒரு சிற்றூர் நிலையத்தின் காத்திருப்பு அறையில் சிலர் இரவைக் கழிக்கிறார்கள். வெளியே வண்டி வரும் ஓசை கேட்கிறது, சன்னலில் வெளிச்சம் ஓடுகிறது, அவ்வளவுதான். அந்த ஓசையை எழுப்ப, புல்வெளியைச் சமப்படுத்தும் கனத்த உருளையை மரச்சட்டங்களின்மேல் உருட்டினார்கள். முரசும் தகடும் ஊதலும் உடன் சேர்ந்தன. ஒரு பெரும் படையே திரைக்குப் பின்னால் வியர்க்க வியர்க்க உழைத்தது. எங்கள் சிறுவர்கள் இதைக் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள்.

கதை எழுதுவோர் ரயிலை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்? அந்நியர்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்கு ஆசிரியர் காரணம் தேட வேண்டியதில்லை. சீட்டு வாங்கியிருக்கிறார்கள், அது போதும். சண்டை வந்தாலும் ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதை எப்போது முடிய வேண்டும் என்பது கால அட்டவணையில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. நம் முன்னோர் சத்திரத்தையும் திண்ணையையும் வைத்துக் கதை சொன்னார்கள். சத்திரத்தில் விடிந்ததும் அவரவர் வழி வேறு. ரயிலில் அனைவருக்கும் வழி ஒன்று, இறங்குமிடம் மட்டுமே வேறு.

அச்சமும் இதே காரணத்தால்தான் பிறந்தது. தொடக்ககால ஐரோப்பிய வண்டிகளில் ஒவ்வோர் அறையும் தனித்தனி. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வழிநடை கிடையாது. கதவு நடைமேடையை நோக்கித்தான் திறக்கும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை, எதிரே அமர்ந்திருப்பவர் யாராயினும் அவரோடு அடைபட்டே கிடக்க வேண்டும். 1864-ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்னும் வங்கி அலுவலர் அத்தகைய முதல் வகுப்பு அறை ஒன்றில் தாக்கப்பட்டுத் தண்டவாளத்தில் வீசப்பட்டார். பிரிட்டனில் ரயிலில் நடந்த முதல் கொலை அது. நாடே நடுங்கிற்று. அந்த அச்சத்தின் தொடர்ச்சியாக, பயணிகள் ஆபத்தில் வண்டிப் பணியாளரை அழைக்க ஒரு கயிறு இருக்க வேண்டும் என்று 1868-இல் சட்டம் வந்தது. இன்று நம் தலைக்கு மேல் சிவப்பு எழுத்துகளோடு தொங்கும் அபாயச் சங்கிலி அந்தக் கயிற்றின் வழித்தோன்றல்தான். எதிர் இருக்கையில் இருப்பவர் கொலைகாரராகவும் இருக்கலாம், உற்ற துணையாகவும் இருக்கலாம். ரயில் கதைகள் அனைத்தும் இந்த ஐயத்தின்மேல்தான் ஓடுகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

திரைப்படத்திற்கும் ரயிலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. பிரான்சு நாட்டின் லூமியேர் சகோதரர்கள் லா சியோத்தா நிலையத்தில் வண்டி வந்து நிற்பதை ஒரு நிமிடத்திற்கும் குறைவான படமாக எடுத்தார்கள். திரையில் வண்டி தங்களை நோக்கி வருவதைக் கண்டு மக்கள் அலறி ஓடினார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை என்பதே வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. ஆயினும் கதை சுவையானது, ஆகவே சாகவில்லை. 1896 ஜூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் விடுதியில் இந்தியாவின் முதல் திரையிடல் நிகழ்ந்தபோது காட்டப்பட்ட ஆறு சிறு படங்களுள் ரயில் வருகையும் ஒன்று.

தமிழகத்திற்குத் திரைப்படத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றவரும் ரயில்வேக்காரர்தான். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல், படம் காட்டிக்கொண்டு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர்களைச் சுற்றத் தொடங்கினார். அவர் வாங்கிய சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கையும் கட்டினார். இருட்டில் அமர்ந்து, ஒளி விழும் ஒரு செவ்வகத்தில் உலகம் ஓடுவதைப் பார்க்கும் அனுபவத்தை ரயில் சன்னல் நம் மக்களுக்கு முன்பே தந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, ரயில்வேக்காரர் விரித்த திரையை அவர்கள் அத்தனை விரைவில் ஏற்றுக்கொண்டார்கள்.

எனினும் நம் தமிழ்ப் படங்களில் பெட்டியைவிட நடைமேடைக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. நாம் பிரிவை விரும்பும் கூட்டம். 1978-இல் பாரதிராஜா எடுத்த ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில், காதலர்கள் வண்டியின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் எழுதிச் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். வண்டி அங்கே ஓடும் அஞ்சலட்டை. அதற்குள் இருப்பவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. 1982-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ கேத்தி நிலையத்தில் முடிகிறது. நினைவு திரும்பிவிட்ட பெண் வண்டிக்குள் இருக்கிறாள். அவளைக் குழந்தையாகப் பேணியவன் வெளியே மழையில் குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பித்தன். அந்தச் சன்னல் கம்பிகளை இன்றும் மறக்க முடியவில்லை. பெட்டிக்குள்ளேயே நாடகம் நடத்தியவர் என்று நினைத்தால் ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்த ஏ.பி. நாகராஜன் நினைவுக்கு வருகிறார். 1968-இல் வந்த அப்படத்தில் நாயனக்காரரும் நாட்டியக்காரியும் ஒரே பெட்டியில் பயணம் செய்யும் காட்சியில் பேச்சுக்கு வேலையே இல்லை. கண்கள் பேசுகின்றன, பாலையா இருக்கிறார், வேறென்ன வேண்டும்?

ஆனால் அறிமுகமற்றவர்கள் எதிரெதிரே அமரும்போது ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்ட படங்கள் எனக்கு வெளியிலிருந்துதான் கிடைத்தன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். ஒன்று, பேச வேண்டிய இடத்தில் பேசாதவர்களைப் பற்றியது. மற்றது, பேசக்கூடாத இடத்தில் பேசாதிருந்த ஒருத்தியைப் பற்றியது.

முதலாவது, ஆல்பிரட் ஹிட்ச்காக் 1938-இல் எடுத்த ‘மறைந்த சீமாட்டி’. லண்டனின் இஸ்லிங்டன் படப்பிடிப்புக் கூடத்தில் ஏறத்தாழ 90 அடி நீளத்திற்கு அமைத்த பெட்டியில்தான் அந்த நீண்ட பயணத்தின் பெரும்பகுதியும் நிகழ்ந்தது. ஐரோப்பாவின் ஏதோ ஒரு கற்பனை நாட்டிலிருந்து வண்டி புறப்படுகிறது. தலையில் அடிபட்ட இளம்பெண் ஐரிஸை, எதிரே அமர்ந்திருக்கும் முதிய ஆங்கில ஆசிரியை அன்போடு கவனித்துக்கொள்கிறார். உணவுப் பெட்டிக்கு அழைத்துச்சென்று, தாம் கையோடு கொண்டுவந்த மூலிகைத் தேநீர் வாங்கித் தருகிறார். வண்டியின் இரைச்சலில் பெயர் கேட்கவில்லை என்பதால், புழுக்கம் படிந்த சன்னல் கண்ணாடியில் விரலால் ‘பிராய்’ என்று எழுதிக் காட்டுகிறார். ஐரிஸ் சற்றுக் கண்ணயர்கிறாள். விழித்தால் எதிர் இருக்கையில் அவர் இல்லை. எங்கே அந்த அம்மா என்று கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இருக்கவே இல்லையே என்கிறார்கள் அனைவரும்.

சதிகாரர்கள் பொய் சொல்வதில் வியப்பில்லை. சதியோடு தொடர்பே இல்லாத நல்ல மனிதர்களும் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் இப்படத்தின் உயிர். கிரிக்கெட் பித்தர்கள் இருவர் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். விசாரணை வந்தால் வண்டி தாமதமாகும். தாமதமானால் மான்செஸ்டரில் நடக்கும் பந்தயத்தைக் காண முடியாது. ஆகவே அவர்கள் எவரையும் பார்க்கவில்லை. வழக்கறிஞர் ஒருவர், தம் மனைவியல்லாத பெண்ணோடு பயணம் செய்கிறார். சாட்சியாகத் தம் பெயர் வெளிவந்தால் மானம் போய்விடும். ஆகவே அவரும் எவரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரின் பொய்யும் சிறியது. எல்லாம் சேர்ந்து ஒரு மனித உயிரை இல்லாததாக்கிவிடுகின்றன. கண்ணாடியில் எழுதிய பெயரை ஐரிஸ் மீண்டும் காணும் கணத்தில் வண்டி குகைக்குள் நுழைகிறது, எழுத்து அழிந்துவிடுகிறது. பின்னர், வெளியே வீசிய குப்பையிலிருந்து பறந்து வந்து சன்னலில் ஒட்டிக்கொண்ட தேநீர்ப் பொட்டலத்தின் தாள்தான் அவளுக்குச் சாட்சியாகிறது. மனிதர்கள் வாய் மூடியபோது ஒரு காகிதம் பேசுகிறது.

நம் வாசகர்கள் சிரித்து மகிழக்கூடிய ஒன்றும் இப்படத்தில் உண்டு. நோயாளிக்குக் காவலாக ஓர் அருட்சகோதரி அமர்ந்திருக்கிறார். அவருடைய அங்கிக்கு அடியில் உயர்ந்த குதிகால் காலணி தெரிகிறது. அவர் போலி என்பது அந்தக் காலணியால் வெளிப்படுகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து இயேசு சபையாரின் பள்ளியில் பயின்ற ஹிட்ச்காக்கிற்குத்தான் இந்தக் குறும்பு வரும். ஆனால் பாருங்கள், அந்தப் போலிச் சகோதரிதான் இறுதியில் மனம் மாறி, உயிரைப் பணயம் வைத்து நல்லவர்களைக் காப்பாற்றுகிறார். சண்டை வேண்டாம் என்று வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தபடி வண்டியைவிட்டு இறங்கிய வழக்கறிஞரோ சுட்டுக் கொல்லப்படுகிறார். 1938 மியூனிக் உடன்படிக்கையின் ஆண்டு. சமாதானம் என்ற பெயரில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த ஆண்டு. அந்தக் கைக்குட்டையைக் கண்ட அன்றைய பார்வையாளர்களுக்கு அது வெறும் கைக்குட்டையாகத் தோன்றியிருக்குமா?

அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளில், ஐரோப்பாவின் தண்டவாளங்களில் யூத மக்களை ஏற்றிய சரக்கு வண்டிகள் ஓடின. பிரெஞ்சு இயக்குநர் கிளாடு லான்ஸ்மன் 1985-இல் வெளியிட்ட ‘ஷோவா’ என்னும் ஆவணப்படம் ஒன்பது மணிநேரத்திற்கும் மேல் ஓடுவது. பழைய படச்சுருள் ஒரு துண்டுகூட அதில் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் முகமும் சொல்லும்தான். திரெப்ளிங்கா வதைமுகாமுக்கு வண்டி ஓட்டிய போலந்து நாட்டு ஓட்டுநரை அவர் மீண்டும் ஒரு நீராவி எஞ்சினில் ஏற்றுகிறார். எஞ்சினுக்கு வெளியே தலை நீட்டி, பெட்டிகளே இல்லாத பின்புறத்தைத் திரும்பிப் பார்த்து, அந்த முதியவர் தம் கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டுகிறார். ரயிலைப் பற்றி எடுக்கப்பட்ட காட்சிகளுள் இதைவிடக் கொடிய ஒன்றை நான் கண்டதில்லை. பார்க்கவில்லை என்று சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கிரிக்கெட் பித்தர்களின் நகைச்சுவைக்குப் பிறகு இப்படத்தைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

இரண்டாவது படம் நம் நாட்டுடையது. சத்யஜித் ரே தாமே கதை எழுதி 1966-இல் எடுத்த ‘நாயக்’. புகழ்பெற்ற வங்காளத் திரை நடிகர் அரிந்தம் முகர்ஜி, விருது ஒன்றைப் பெற கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் புறப்படுகிறார். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, ரயிலேறுகிறார். அன்று காலை நாளிதழில் அவர் ஓர் அடிதடியில் சிக்கிய செய்தி வந்திருக்கிறது. பாத்திரத்தை ஏற்றவர் உத்தம் குமார். வங்காளத்தின் உண்மையான திரை நாயகரே அவர்தான். பெட்டியைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா படப்பிடிப்புக் கூடத்திலேயே கட்டியிருக்கிறார். பார்க்கும் நமக்கு உண்மை வண்டியில் இருப்பதாகவே தோன்றும்.

அதே வண்டியில் அதிதி என்னும் இளம்பெண் பயணம் செய்கிறாள். சர்மிளா தாகூர் நடித்தது. ‘ஆதுனிகா’ என்ற மகளிர் இதழை நடத்துகிறாள். திரைப்படங்களில் அவளுக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனாலும் இதழ் விற்க வேண்டுமே! நடிகரின் நேர்காணல் கிடைத்தால் நல்லது என்று உணவுப் பெட்டியில் அவர் எதிரே போய் அமர்கிறாள். முதலில் அவர் அளந்து அளந்து பேசுகிறார். பிறகு, வண்டி ஓட ஓட, எவரிடமும் சொல்லாதவற்றைச் சொல்லத் தொடங்குகிறார். நாடகக் குருவாக இருந்து வளர்த்த சங்கர்தா திரைப்படத்திற்குப் போகாதே என்று சொன்னதையும், அவர் இறந்தபின் தாம் போனதையும் சொல்கிறார். தம்மை அவமதித்த மூத்த நடிகர் பின்னாளில் வாய்ப்புக் கேட்டு வந்து நின்றதைச் சொல்கிறார். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர் முன் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போ என்று பழைய நண்பன் அழைத்தபோது, பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சிக் காரைத் திருப்பச் சொன்னதையும் சொல்கிறார். அவள் குறித்துக்கொள்கிறாள். அவள் பையில் ஒரு நல்ல கட்டுரை உருவாகிக்கொண்டிருக்கிறது.

இரவு அவர் குடிக்கிறார். திறந்த கதவருகே நின்று, கீழே மின்னி ஓடும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின், அந்தப் பெண்ணை அழைத்துவரும்படி பணியாளரிடம் கேட்கிறார். அதிதி வருகிறாள். இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல அவர் வாயெடுக்கும்போது அவள் தடுக்கிறாள். சொல்ல வேண்டாம், எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்கிறாள். அவர் தம் இடத்திற்குத் திரும்பிச் செல்லும்வரை அங்கேயே நிற்கிறாள். கட்டுரைக்கு மகுடமாகியிருக்கக்கூடிய செய்தி அது. இதழாசிரியராக இருக்கும் எவருக்கும் அந்தத் தடுப்பின் விலை தெரியும். மறுநாள் காலை, தான் எழுதிவைத்த குறிப்புகளை அவர் கண்முன்னே கிழித்துப்போடுகிறாள். நினைவிலிருந்து எழுதிக்கொள்வீர்களோ என்று அவர் கேட்கிறார். மனத்தில் வைத்துக்கொள்வேன் என்கிறாள். தில்லியில் இறங்கியதும் அவரைக் கூட்டம் மொய்த்துக்கொள்கிறது, மாலை விழுகிறது, அவர் கறுப்புக் கண்ணாடிக்குள் போய்விடுகிறார். அவள் தன்னை அழைத்துச்செல்ல வந்தவரோடு கூட்டத்தைக் கடந்து நடக்கிறாள்.

ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். ஹிட்ச்காக்கே 1953-இல் அதை வைத்து ஒரு படம் எடுத்தார். கொலைகாரனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குரு, தம்மீதே கொலைப்பழி விழுந்தபோதும் வாய் திறப்பதில்லை. அந்தக் குருவைத் திருச்சபையின் சட்டம் கட்டுகிறது. அதிதியைக் கட்டுவது எது? அவள் குருவும் அல்லள், நண்பியும் அல்லள். நாளை அவரைச் சந்திக்கப்போவதும் இல்லை. எதிர் இருக்கையில் ஒரு நாள் அமர்ந்திருந்தாள், அவ்வளவுதான். யாரும் விதிக்காத கடமையை அவள் தானாக ஏற்றுக்கொண்டாள். பலமுறை பார்த்த பிறகும் அந்தக் கிழிக்கும் காட்சிக்கு வரும்போது, இம்முறையாவது அவள் குறிப்புகளைப் பத்திரப்படுத்திவிடமாட்டாளா என்று எனக்குள் இருக்கும் எழுத்தாளன் ஏங்குகிறான்.

இனி இத்தகைய கதைகளுக்கு இடம் இருக்குமா என்று சில நண்பர்கள் ஐயுறுகிறார்கள். நம் படுக்கை வசதிப் பெட்டியில் ஓர் அடைப்புக்கு எட்டுப் பேர்: எதிரெதிரே ஆறு பேர், வழிநடைக்கு அப்பால் இருவர். பகலெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் போயாக வேண்டும். 2023 செப்டம்பரில் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வந்தே பாரத் வண்டி ஓடத் தொடங்கியது. விரைவும் தூய்மையும் உள்ள வண்டி; குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பெரும்பாலும் முன்னால் இருப்பவரின் இருக்கை முதுகைத்தான் பார்க்கிறோம். மற்ற வண்டிகளிலும் எதிரே இருப்பவர் காதில் ஏதோ பொருத்திக்கொண்டு கைப்பேசியில் குனிந்திருக்கிறார். நாடகாசிரியருக்கு இது பெரிய இடையூறுதான். எனினும் முன்பதிவில்லாப் பெட்டியில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். மடியில் யார் குழந்தை உறங்குகிறது என்பதே அங்கே தெரியாது.

நான் தூத்துக்குடி செல்லும் இரவு வண்டியில் பயணம் செய்த ஒரு நாளை இங்கே குறிப்பிட வேண்டும். எதிர் இருக்கையில் என்னைவிட மூத்தவர் ஒருவர். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ‘தம்பி, சாப்பிடுங்க’ என்று பாதியை என் பக்கம் நகர்த்தினார். விழுப்புரம் வரை மழையைப் பற்றிப் பேசினோம். மற்றவர்கள் படுத்து விளக்கை அணைத்த பிறகு, எந்த முன்னுரையும் இல்லாமல், தாழ்ந்த குரலில் தம் வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கினார். திருச்சியைக் கடந்த பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதுபவன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன வேகம் அப்படிப்பட்டது. நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் அதற்கு இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து எனக்கு முதலில் நீட்டினார்.

அவர் சொன்னது நல்ல கதை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அதன்பின் பலமுறை என் பேனா என்னோடு வழக்காடியிருக்கிறது. இவ்விதழின் ஆசிரியரே ஒருமுறை, ரயில் பயணத்தில் மறக்க முடியாத மனிதர் என்று எதையாவது எழுதுங்களேன் என்று கேட்டிருக்கிறார். வேறு எதையோ எழுதிக் கொடுத்தேன். அந்தக் கதை என்னிடமே இருக்கிறது.

அவருடைய சீட்டு தூத்துக்குடி வரைக்கும். ஆனால் மதுரையில் வண்டி நின்றபோது, இன்னும் விடியாத நேரத்தில், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கும் அது தெரியும். ஒருவரும் பேசவில்லை. வண்டி நகர்ந்த சற்று நேரத்தில் பரிசோதகர் பட்டியலோடு வந்தார். படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஒருவர் அவர் பின்னால் நின்றார். காலியாக இருந்த எதிர்ப் படுக்கையில் கைவிளக்கை அடித்துவிட்டு, ‘இதுல ஆள் இருந்தாங்களா சார்?’ என்று கேட்டார்.

‘இருந்தார்’ என்றேன். ‘இறங்கிவிட்டார்.’